தணிக்கை செய்யும் பொறி



தணிக்கை என்னும் சொல்லை நாம் இருவகைப் பொருளில் வழங்கி வருகிறோம். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கையே. நூலையும் திரைப்படத்தையும் வெளிவருமுன் பார்த்து, இது செல்லலாம், இது செல்லலாகாது என்று பிரிப்பதும் தணிக்கையே. இவ்விரு பணிகளையும் நெடுங்காலமாக மனிதர்களே செய்து வந்தனர். கடந்த சில ஆண்டுகளாக இரண்டாம் பணியின் பெரும்பகுதியைப் பொறிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலிய சமூக ஊடகங்களில் நீங்கள் ஒரு வரி எழுதுகிறீர்கள்; அல்லது ஒரு படம் ஏற்றுகிறீர்கள். அதனைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் உங்கள் நண்பர் அல்லர். கணிப்பொறியில் அமைந்த ஒரு நிரலே முதலில் பார்க்கிறது. தகாதது என்று அது கருதினால் உங்கள் பதிவு நொடிப்பொழுதில் மறைந்து போகலாம். இவ்வாறு தணிக்கை செய்யும் பொறிக்கு அரசு விதி வகுக்கலாமா, வகுத்தால் எவ்வாறு வகுத்தல் வேண்டும், அதனால் பேச்சுரிமை வளருமா தேயுமா என்பவற்றை இன்று ஆராய்வோம்.

எங்கள் கடலூர் மாவட்டத்தார்க்குத் தணிக்கையின் வரலாறு எங்கோ தொலைவில் நடந்த செய்தி அன்று. 1908-ஆம் ஆண்டில் சென்னையில் 'இந்தியா' இதழின்மேல் ஆங்கில அரசு கைவைத்தபோது, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவரத் தொடங்கிற்று. ஆங்கில எல்லைக்குள் அது நுழைவதை அரசு தடுத்தது. 1910-இல் இதழ் நின்றுபோயிற்று. 1918 நவம்பர் 20-ஆம் நாள் புதுச்சேரி எல்லையைக் கடந்த பாரதியார் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். மூன்று வாரங்களுக்கு மேல் அங்கிருந்து, பின்பு நிபந்தனையின்பேரில் விடுதலை பெற்றார். எழுதுவதை அச்சேற்றுமுன் காவல்துறை அதிகாரியிடம் காட்டவேண்டும் என்பது அந்நிபந்தனைகளுள் ஒன்று. கவிஞர் தம் கையெழுத்துப் படியைக் காவல் அலுவலகத்தில் நீட்டும் காட்சியை எண்ணினால் நெஞ்சு கசக்கிறது. எனினும் தடுப்பவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாடு விடுதலை பெற்றபின் நடந்த வழக்கு ஒன்றையும் இங்கே கூறவேண்டும். பம்பாயிலிருந்து 'கிராஸ் ரோட்ஸ்' என்றொரு வார இதழ் வந்தது. 1950-ஆம் ஆண்டில், அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த சில கிழமைகளுக்குள்ளாகவே, சென்னை மாநில அரசு அவ்விதழ் தன் எல்லைக்குள் வருவதைத் தடைசெய்தது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றத்தை அடைந்தார். 1950 மே 26-ஆம் நாள் நீதிமன்றம் தடையாணையை நீக்கிற்று. அரசு சும்மா இருக்கவில்லை. மறு ஆண்டே முதல் திருத்தத்தைக் கொணர்ந்து, பத்தொன்பதாம் உறுப்பில் பொது ஒழுங்கையும் ஒரு கட்டுப்பாடாகச் சேர்த்தது. கூடவே, அக்கட்டுப்பாடு நியாயமானதாக இருக்கவேண்டும் என்னும் சொல்லையும் சேர்த்தது. வழக்கின் சட்ட நுணுக்கங்களைக் கல்லூரி மாணவர்கள் தாமே படித்தறியலாம். தாப்பர் வழக்காட முடிந்தது எதனால் என்பதே நமக்கு வேண்டுவது. எழுத்தில் ஓர் ஆணை இருந்தது. அதற்குத் தேதி இருந்தது. ஆணை பிறப்பித்த அரசு என்றொரு எதிர்வாதி இருந்தது.

இனி இணைய காலத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டது. பின்னர் வந்த திருத்தத்தால் 66ஏ என்னும் பிரிவு அதில் நுழைந்தது. மிகவும் புண்படுத்துவது, தொல்லை தருவது என்பன போன்ற எல்லையற்ற சொற்களை வைத்துக்கொண்டு, எழுதியவரைச் சிறைக்கு அனுப்ப அப்பிரிவு இடந்தந்தது. 2012 அக்டோபரில் புதுச்சேரித் தொழில்முனைவர் ஒருவர் அரசியல் தலைவர் ஒருவரின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர் பதினாறு பேரே என்று செய்தித்தாள்கள் எழுதின. பதினாறு பேர் படிக்கும் ஒரு வரிக்குக் காவல்துறை கதவைத் தட்டிற்று! அடுத்த மாதமே மகாராட்டிரத்தில் பால்கரில் இரு இளம்பெண்கள் இவ்வாறே கைதாயினர். நாடு விழித்துக்கொண்டது. ஷ்ரேயா சிங்கால் என்னும் சட்ட மாணவி தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு முழுவதையும் செல்லாது என்று தீர்த்தது. அதே தீர்ப்பில் மற்றொன்றும் கூறிற்று. பிறர் எழுதியதை ஏந்திச் செல்லும் நிறுவனங்கள், யாரோ ஒருவர் குறை சொன்னார் என்பதற்காக ஒன்றை நீக்கவேண்டியதில்லை. நீதிமன்றமோ உரிய அரசு அமைப்போ ஆணையிட்டால் நீக்கினால் போதும் என்றது. எது குற்றம், எது குற்றம் அன்று என்று வணிக நிறுவனம் நீதிபதியாக அமர்ந்து முடிவுசெய்யலாகாது என்பது இதன் கருத்து.

இத்தீர்ப்பால் சிக்கல் தீர்ந்தது என்று பலர் எண்ணினர். ஆனால் நிறுவனங்கள் தம் சொந்த விருப்பத்தால் நீக்குவதை அத்தீர்ப்பு தொடவில்லை. அரசியலமைப்பு தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசை நோக்கிய உரிமை. தனியார் நிறுவனத்தின் பொறி உங்கள் பதிவை அழித்தால், தாப்பர் கையில் இருந்தது போன்ற ஆணை ஒன்றும் உங்கள் கையில் இராது. 'எங்கள் சமுதாய நெறிக்கு மாறானது' என்ற ஒற்றை வரி திரையில் தோன்றும்; அவ்வளவே.

பொறி எவ்வாறு முடிவு செய்கிறது என்பதை அறியாமல் அதற்கு விதி செய்யப் புகுவது, பாடத்தைப் படிக்காமல் வினாத்தாள் எழுதுவதை ஒக்கும். இதில் இரு முறைகள் உண்டு. முதலாவது, ஒப்பிட்டுப் பார்த்தல். குழந்தைகளைச் சீரழிக்கும் படம் என்று முன்பே உறுதியான ஒரு படத்திலிருந்து, கைரேகை போன்ற ஓர் எண்கோவையை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். புதிதாக ஏறும் ஒவ்வொரு படத்தின் ரேகையும் அதனோடு பொருத்திப் பார்க்கப்படும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பேராசிரியர் ஹானி ஃபரீதும் 2009-இல் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ இவ்வகையைச் சேர்ந்தது. இங்கே பொருள் விளங்கவேண்டிய தேவை இல்லை. ரேகை பொருந்துகிறதா என்பதே கேள்வி. இப்பணியைப் பொறியிடம் ஒப்படைப்பதே அறம் என்பது என் துணிபு. இத்தகைய படங்களை நாள்தோறும் பார்த்துப் பார்த்து மனநலம் கெட்ட ஊழியர்களுக்காக ஃபேஸ்புக் நிறுவனம் அமெரிக்காவில் 2020-இல் 5 கோடியே 20 இலட்சம் டாலர் தர உடன்பட்டது. மனிதக் கண்ணுக்கு அந்த வேதனை எதற்கு?

இரண்டாவது முறை, பொருளைக் கணித்தல். இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. 'இது வசை', 'இது வசையன்று' என்று மனிதர்கள் குறித்துவைத்த பல்லாயிரம் வாக்கியங்களைப் பொறிக்கு ஊட்டுகிறார்கள். புதிய வாக்கியம் வரும்போது, அது வசையாக இருத்தற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று பொறி ஓர் எண்ணைத் தருகிறது. எண் ஒரு வரம்பைத் தாண்டினால் பதிவு நீக்கப்படும். வரம்பை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிப்பவர் நிறுவனத்தார்.

யான் வாழும் மங்கலம்பேட்டையை அடுத்த விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது. பொம்மைகளும் மின்சார பியூஸ் கட்டைகளும் அங்கே சூளையில் வெந்து வெளிவருகின்றன. அத்தொழிலாளி ஒருவர், 'நேற்று ஒரே நாளில் ஐந்நூறு பிள்ளையார் சுட்டோம்' என்று மகிழ்ச்சியோடு எழுதுவதாகக் கொள்வோம். தமிழறிந்த சிறுவனும் இதனைச் சூளை வேலை என்று உணர்வான். ஆனால் 'சுட்டோம்' என்பதைத் துப்பாக்கியோடு வரும் வாக்கியங்களிலேயே கண்டு பழகிய பொறி என்ன எண்ணும்? கொலை என்றா, சமய நிந்தனை என்றா? தோசை சுடுவதும் தமிழில் சுடுதலே. அடுத்தவன் பேனாவை எடுத்துக்கொள்வதையும் இளைஞர்கள் 'சுட்டுவிட்டான்' என்றே சொல்கிறார்கள். 'குண்டு' என்பது மல்லிகைக்கும் அடையாகும். வெடிக்கும் பொருளும் ஆகும். 'அடி' என்பது காலடி, செய்யுளடி, அளவு, உதை எல்லாம் ஆகும். இதற்கு மேல், ஒரு வேர்ச்சொல்லோடு வேற்றுமை, காலம், எண், இடம் எல்லாம் ஒட்டிக்கொண்டு நீளுவது நம் மொழியின் இயல்பு. போதாக்குறைக்கு நம் இளைஞர்கள் பாதி ஆங்கிலத்தைக் கலந்து, தமிழை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். பிறமொழி எழுத்தில் தமிழ் எழுதுவதை யான் ஒப்புவதில்லை. அது வேறு வழக்கு. இத்தகைய கலப்புத் தமிழில் வசையைக் கண்டுபிடிக்க, யூடியூப் பின்னூட்டங்களைத் திரட்டித் தமிழ், மலையாள, கன்னட ஆராய்ச்சியாளர்கள் 2021-இல் பொதுப்போட்டி ஒன்றையே நடத்தினர். வேலை எளிதாக இருந்திருந்தால் போட்டி எதற்கு?

பொறியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சோதனை ஒன்று தானாகவே நடந்தது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் யூடியூப் நிறுவனம் தன் ஊழியர் பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பொறியின் அதிகாரத்தைப் பெருக்கிற்று. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் நீக்கப்பட்ட காணொளிகள் ஒரு கோடியே 14 இலட்சம். முந்தைய மூன்று மாதங்களில் நீக்கப்பட்டவற்றினும் ஏறத்தாழ இருமடங்கு. மேல்முறையீடு செய்தவை ஏறத்தாழ 3 இலட்சத்து 25 ஆயிரம். அவற்றுள் 1 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை திரும்ப ஏற்றப்பட்டன. முறையிட்டவற்றுள் ஏறக்குறையப் பாதி தவறாக நீக்கப்பட்டவை என்பது இதன் பொருள். முன்பு இவ்விகிதம் காற்பங்காக இருந்தது. சில மாதங்களில் நிறுவனமே மனிதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

தனி ஒரு வழக்கையும் காண்போம். 2020 அக்டோபரில் பிரேசில் நாட்டில் ஒருவர், மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கும் படங்களை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். உயிர்காக்கும் செய்தி அது. பொறி அதனை ஆபாசம் என்று நீக்கிற்று. ஃபேஸ்புக் நிறுவனம் அமைத்த மேற்பார்வைக் குழு அம்முறையீட்டை எடுத்துக்கொண்டபின் நிறுவனம் தவற்றை ஒப்பிப் பதிவை மீட்டது. 2021 சனவரியில் வெளியிட்ட முடிவில், பொறி நீக்கினால் அதனைப் பயனருக்குச் சொல்லுங்கள், மனிதரிடம் முறையிட வழி தாருங்கள் என்று குழு பரிந்துரைத்தது. இவ்விரண்டும் கேட்டுப் பெறவேண்டிய சலுகைகளா? தேர்வில் தோற்ற மாணவனுக்கு மதிப்பெண் பட்டியல் தருவது போன்ற குறைந்த அளவு நியாயம் அன்றோ?

ஆயின் தணிக்கையே வேண்டா, எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று வாதிடுவோரும் உளர். அவர்கள் இலங்கையைப் பார்க்கவேண்டும். 2018 மார்ச்சு மாதத்தில் கண்டி மாவட்டத்துத் திகனப் பகுதியில் முஸ்லிம் மக்கள்மேல் வன்முறை மூண்டது. அதற்கு முன்பும் அந்நாள்களிலும் சிங்கள மொழியில் வெறுப்பை மூட்டும் பதிவுகள் ஃபேஸ்புக்கில் பரவின. கொலைவெறிப் பதிவு ஒன்றைப் பற்றி முறையிட்டவருக்கு, இஃது எங்கள் விதிக்கு மாறானது அன்று என்ற விடையே கிடைத்தது. சிங்களம் அறிந்த ஊழியர் போதிய அளவில் இல்லை. பொறிக்கோ அம்மொழி தெரியாது. வேறு வழியின்றி இலங்கை அரசு ஃபேஸ்புக் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் சிலவற்றைச் சில நாள் முடக்கிற்று. 2020-இல் ஃபேஸ்புக் நிறுவனம் இதற்காக வருத்தம் தெரிவித்தது. அதே தீவின் தமிழர் தரப்பிலோ எதிர்மாறான குறை எழுந்தது. போரில் இறந்தோரை நினைவுகூரும் செய்திகளை வெளியிட்டபோது, அவை தடைசெய்யப்பட்ட இயக்கத்தைப் போற்றுவன என்று கொள்ளப்பட்டுத் தம் பதிவுகள் நீக்கப்படுகின்றன என்று 'தமிழ் கார்டியன்' செய்தித்தளம் முறையிட்டது. ஓர் இயக்கத்தைப் புகழ்வது வேறு, ஒரு நிகழ்ச்சியைச் செய்தியாக்குவது வேறு. படத்திலுள்ள முகத்தையும் கொடியையும் மட்டும் காணும் பொறிக்கு இவ்வேறுபாடு எப்படி விளங்கும்? நீக்கவேண்டியதை விடுவதும் விடவேண்டியதை நீக்குவதும் மொழியறியாமை என்ற ஒரே நோயின் இரு கூறுகள் என்பது என் கருத்து.

இப்போது நம் நாட்டு விதிகளுக்கு வருகிறேன். 2021 பிப்ரவரி 25-ஆம் நாள் மைய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளை வெளியிட்டது. அதன்படி ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பயனர் உள்ள ஊடகங்கள், பாலியல் வன்கொடுமையையும் குழந்தைகளுக்கு எதிரான கொடுமையையும் காட்டும் உள்ளடக்கத்தைத் தானியங்கிக் கருவிகளால் கண்டறிய முயலவேண்டும். அக்கருவிகள் பேச்சுரிமைக்கும் அந்தரங்கத்துக்கும் ஊறு செய்யாத அளவோடு இருக்கவேண்டும், மனிதர் மேற்பார்வை வேண்டும், கருவியின் துல்லியமும் நடுநிலையும் காலந்தோறும் ஆராயப்படவேண்டும் என்றும் அவ்விதியே கூறுகிறது. தாமாக ஒன்றை நீக்கும்போது, நீக்குமுன் எழுதியவருக்குக் காரணம் கூறி அறிவிக்கவேண்டும். மறுத்துரைக்க வாய்ப்புத் தரவேண்டும். 2022 அக்டோபர்த் திருத்தத்தின்படி, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி தந்த முடிவை எதிர்த்து முறையிட, மூன்று மேல்முறையீட்டுக் குழுக்கள் 2023 சனவரியில் அமைக்கப்பட்டன. முப்பது நாளுக்குள் இணைய வழியே விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரியாது, மாணவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

எழுத்தளவில் இவை நல்ல விதிகளே. என் குறை வேறிடத்தில் உள்ளது. நீக்கவேண்டியதை நீக்காத நிறுவனம், சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை இழந்து குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம். நீக்கவேண்டாததை நீக்கினால்? இழப்பீடு தரவேண்டும் என்று விதியில் ஓரிடத்தும் இல்லை. பீங்கான் தொழிலில் களிமண்ணைக் கரைத்துச் சல்லடையில் வடிப்பார்கள். ஒரு கல் தப்பினால் இவ்வளவு தண்டம் என்று விதித்து, நல்ல மண் வீணானால் கேட்பார் இல்லை என்றும் விட்டுவிட்டால், பட்டறைக்காரர் எத்தகைய சல்லடையைத் தேர்வார்? கண் மிக நெருங்கியதையே தேர்வார். பாதி மண் மேலேயே நின்றுவிடும். நிறுவனத்தாரும் பொறியின் வரம்பை இவ்வாறே தாழ்த்தி வைப்பர். அரசு ஒரு சொல்லையும் தடைசெய்யாமலே ஆயிரம் சொற்கள் மறைந்து போகும். தடைசெய்தது யார் என்று கேட்டால் அரசு நிறுவனத்தைக் காட்டும், நிறுவனம் பொறியைக் காட்டும்.

அரசே முன்வந்து எது மெய், எது பொய் என்று தீர்மானிக்கட்டும் என்பதும் தீர்வாகாது. 2023-இல் மைய அரசு தன்னைப் பற்றிய செய்திகளின் மெய்ம்மையைத் தானே சரிபார்க்கும் பிரிவு ஒன்றுக்கு விதி செய்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதாக்கிற்று. வாதியே நடுவராகவும் அமர்வதை நம் ஊர்ப் பஞ்சாயத்தும் ஒப்பாது.

ஆதலின் அரசு கைவைக்க வேண்டியது சொற்களின்மேல் அன்று, நீக்கும் முறையின்மேல். எந்தக் கருத்து கூடாது என்று பட்டியல் நீட்டுவதை விட்டு, நீக்கினால் காரணம் சொன்னாயா, நீக்கியது பொறியா மனிதரா என்று தெரிவித்தாயா, முறையீட்டை அம்மொழி அறிந்த ஒருவர் படித்தாரா என்று கேட்கட்டும். யான் பல்லாண்டுகள் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தியவன். ஒரு சொல்லில் விடையளிக்கும் பகுதியை எவர் திருத்தினாலும் ஒரே மதிப்பெண்தான் வரும். கட்டுரை விடை அப்படியன்று. அதனால்தான் மேல்நிலைத் தேர்வில் விடைத்தாளின் நகலைக் கேட்டுப் பெறவும், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் மாணவனுக்கு உரிமை தந்திருக்கிறோம். மறுமதிப்பீட்டை முதலில் திருத்தியவரிடமே கொடுப்பதில்லை. பொறி நீக்கியதைப் பற்றிய முறையீட்டை மீண்டும் அதே பொறியிடம் கொடுப்பதை மட்டும் நாம் ஏன் பொறுக்கவேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றி, 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்திய டிஜிட்டல் சேவைகள் சட்டம் இவ்வழியிலேயே செல்கிறது. காரணம் எழுத்தில் தரவேண்டும். பொறி பயன்பட்டதா என்பதைச் சொல்லவேண்டும். முறையீட்டைத் தகுதியுள்ள ஊழியரின் மேற்பார்வையின்றிப் பொறி மட்டும் தீர்க்கலாகாது. அச்சட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது கணக்குப் பகுதி. மிகப் பெரிய நிறுவனங்கள், ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளுள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் பணிபுரிகின்றனர், பொறியின் துல்லியம் எவ்வளவு என்று மொழிவாரியாக அறிக்கை தரவேண்டும். தொடக்கத்தில் தணிக்கைக்கு இருபொருள் கூறினேன் அல்லவா? கருத்தைத் தணிக்கை செய்பவர்மேல் கணக்குத் தணிக்கை வைத்திருக்கிறார்கள்.

நம் விதிகளும் பெருநிறுவனங்களிடம் மாதந்தோறும் அறிக்கை கேட்கின்றன. முறையீடுகள் எத்தனை, பொறி தானாகக் கண்டு நீக்கியவை எத்தனை என்று அதில் காணலாம். மொழிவாரியாகப் பிரித்துத் தரவேண்டும் என்று மட்டும் 2021-ஆம் ஆண்டு விதி கேட்கவில்லை. மால்டா ஒரு சிறு தீவு நாடு. அதன் மக்கள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்தம் மால்டிய மொழி ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆதலால் அதற்குத் தனிக் கணக்கு உண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் 6 கோடியே 90 இலட்சம் பேரின் தாய்மொழி தமிழ். தமிழில் எழுதப்பட்டுப் பொறியால் நீக்கப்பட்டவை எத்தனை, அவற்றுள் திரும்பி வந்தவை எத்தனை, முறையீட்டைப் படிக்கும் தமிழறிந்தவர் எத்தனை பேர் என்னும் மூன்று எண்களை அம்மாத அறிக்கையில் சேர்க்கும்படி விதியில் ஒரு வரி கூட்டினால் போதும். அவ்வரியைக் கூட்டும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கும் மைய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் உண்டு. விதித் திருத்தங்களின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் வழக்கமும் அவ்வமைச்சகத்துக்கு உண்டு. அக்கருத்தைத் தமிழிலும் எழுதி அனுப்பலாம்.